பெட்டிசம் எழுதுகிறவர்கள் திறந்து பார்க்க வேண்டிய ஒரு நாட்குறிப்பு

அமெரிக்காவின் ஆறாவது ஜனாதிபதி ஜோன் குயின்சி அடம்ஸ் எழுதிய நாட்குறிப்பு முழுவதையும், பொஸ்டனில் உள்ள மசாசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. மொத்தம் 51 தொகுதிகள். 14,000 பக்கங்களுக்கு மேல். 1779 நவம்பரில், 12 வயதுப் பையனாகக் கப்பல் ஏறும்போது எழுதத் தொடங்கியவர், 80 வயதில் கை நடுங்கும் வரை விடவில்லை. பணம் கட்டத் தேவையில்லை, பெயர் பதியத் தேவையில்லை. கைபேசியில் இணைய இணைப்பு இருந்தால் பரந்தனிலும் வாசிக்கலாம், முல்லைத்தீவிலும் வாசிக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் இதைப் பற்றித் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் இந்த மதிப்புரை.

நான் யார் என்று சொன்னால்தான் இதை ஏன் எழுதுகிறேன் என்பது விளங்கும். கிளிநொச்சியில், கண்டி வீதியோரம், ஒரு சிறிய கொம்யூனிக்கேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரீலோட் எல்லாம் உண்டு. ஆனால் கடையில் அதிக நேரம் போவது கடிதம் தட்டச்சு செய்வதில். காணி அனுமதிப்பத்திரம் பெயர் மாற்ற வேண்டும், வயலுக்குள் யானை வருகிறது, வாய்க்காலில் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கணித வாத்தியார் இல்லை, மகனைப் பற்றி ஒரு பதிலும் இல்லை. எல்லாம் என் மேசைக்கு வரும். "பிள்ளை, இதை ஒருக்கா வடிவா அடிச்சுத் தா, அவையள் வாசிச்சா விளங்க வேணும்" என்று சொல்லிக்கொண்டு, நாலாக மடித்த கொப்பித் தாளை நீட்டுவார்கள். அந்த மனுக்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது வாசித்தார்களா என்பது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

இந்த நாட்குறிப்பை நான் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். ஜனாதிபதிப் பதவி முடிந்த பிறகு சாதாரணப் பாராளுமன்ற உறுப்பினராகத் திரும்பி வந்து, பதினேழு வருடம் மற்றவர்களின் மனுக்களைக் கையில் எடுத்துச் சபையில் வாசித்த ஒரு மனிதர் இருந்தார் என்று உயர்தர மாணவி ஒருத்தியின் அரசறிவியல் குறிப்பில் ஒரு வரி கண்டேன். குறிப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்த கையோடு பெயரைத் தேடினேன்.

முதலில் சேவை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அவர் கையால் எழுதிய தாளின் படத்தையும் பார்க்கலாம், அதைத் தட்டச்சில் மாற்றிய வாசகத்தையும் பார்க்கலாம். தட்டச்சு வாசகம் கட்டம் கட்டமாக ஏற்றப்பட்டது. திகதியைப் போட்டால் அந்த நாளுக்கே போய்விடலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் திகதித் தேடல். ஒரு மனிதர் 1820 இல் இன்ன நாள் என்ன செய்தார், யாரைச் சந்தித்தார், என்ன நினைத்தார் என்று நேரே போய்ப் பார்க்க முடிகிறது. தட்டச்சு வாசகம் பாரமில்லாதது, கைபேசியில் உடனே திறக்கும். கையெழுத்துப் படங்கள் அப்படியல்ல. கைபேசித் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாலும் வரியின் இந்தத் தொங்கலில் நிற்கும்போது அந்தத் தொங்கல் ஓடிவிடும். படங்களைப் பார்ப்பதென்றால் கணினிதான் வேண்டும்.

படங்களைப் பார்க்காமல் விடவும் கூடாது. இள வயதில் எழுத்து சின்னதாக, ஒழுங்காக, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லாமல் ஓடுகிறது. முதுமையில் கோடுகள் நடுங்குகின்றன. கண் அழற்சியும் கை நடுக்கமும் அவரைக் கடைசி வரை வருத்தின. 1846 நவம்பரில் பக்கவாதம் வந்தது. தேறிய பிறகு எழுதியதற்கு, தான் இறந்த பின் எழுதும் குறிப்பு என்று அவரே பெயர் வைத்தார். மற்றவர் கையெழுத்தை வாசித்தே சீவியம் நடத்துகிற எனக்கு, ஒரே கை அறுபத்தெட்டு வருடத்தில் எப்படி மாறுகிறது என்று பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

நேரம் இல்லாத நாட்களுக்கென்று அவர் வைத்திருந்த வேறொரு தொகுதி வகையும் இருக்கிறது. நாளுக்கு ஒரு வரி மட்டும். யார் வந்தார், எங்கே போனேன், காலநிலை எப்படி, அவ்வளவுதான். 2009 ஓகஸ்டில் சங்கத்தார் அந்த ஒற்றை வரிகளை, சரியாக இருநூறு வருடம் கழித்து, அதே திகதிகளில் டுவிட்டரில் போடத் தொடங்கினார்கள். அவர் 1809 ஓகஸ்டில் ரஷ்யாவுக்குக் கப்பல் ஏறிய பயணம் அது. ஆங்கிலம் கொஞ்சம் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒற்றை வரித் தொகுதிகள் நல்ல படிக்கட்டு.

வாழ்க்கைக் கதையின் முதல் பாதியை விரைவாகவே கடக்கிறேன், ஏனென்றால் அதை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் வாசிக்கலாம். 1767 யூலை 11 இல் மசாசூசெட்ஸில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் ஜோன் அடம்ஸ் பிற்பாடு இரண்டாவது ஜனாதிபதி. ஏழு வயதில், தாய் அபிகேயிலுடன் ஊர்க் குன்றொன்றில் நின்று, அமெரிக்கப் புரட்சிப் போரின் பங்கர் ஹில் சண்டையின் புகையையும் சத்தத்தையும் தூரத்திலிருந்து பார்த்தவர். ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியை விளக்கத் தேவையில்லை. பத்து வயதில் தகப்பனோடு பிரான்சு போனார். பதினான்கு வயதில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராக ரஷ்யத் தலைநகர் வரை அனுப்பப்பட்டார். அதன்பின் ஹவார்ட் படிப்பு, சட்டத் தொழில், நெதர்லாந்திலும் புருசியாவிலும் தூதர் வேலை. 1803 இல் செனற் சபைக்குப் போனார். அதே 1803 இல்தான் இங்கே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான், அக்டோபர் முடிவில் கற்சிலைமடுவில் தோற்றான். இப்படித் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். ஒரு தூரத்து மனிதரின் காலத்தை எங்கள் மண்ணில் நின்று அளந்தால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

ரஷ்யாவில் தூதராக இருந்த வருடங்களில் ஓர் இடத்தை மட்டும் கடக்க முடியவில்லை. 1811 இல் அங்கே அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயின் பெயரான லூயிசா கதரின் என்பதையே குழந்தைக்கும் வைத்தார்கள். அடுத்த வருடம் செப்டெம்பரில் குழந்தை இறந்துவிட்டது. நெப்போலியன் மொஸ்கோவுக்குள் நுழைந்த அதே கிழமை. உலகமே அந்தப் படையெடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு தகப்பன் அந்நிய ஊரில் குழந்தையைப் புதைக்கிறார். அவருடைய மகன் சார்ள்ஸ் பிரான்சிஸ் 1874 முதல் 1877 வரை இந்த நாட்குறிப்பை 12 தொகுதிகளாக அச்சிட்டபோது, குடும்ப விடயங்களில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட்டார். அரசியல்வாதி மட்டும்தான் அச்சில் மிஞ்சினார். முழுக் கையெழுத்துப் பிரதியையும் எல்லாருக்கும் திறந்துவிட்டதற்காகவே சங்கத்தாருக்கு நான் நன்றி சொல்வேன். கண்ணீரையும் வயிற்றுவலியையும் வெட்டிவிட்டு ஒருவருடைய வாழ்க்கையை அச்சடிக்கக் கூடாது.

1814 டிசம்பர் 24 இல் பிரித்தானியாவுடன் போரை முடித்த கென்ட் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். 1817 முதல் 1825 வரை வெளிநாட்டு அமைச்சர். ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவை வாங்கிய 1819 உடன்படிக்கையும், ஐரோப்பிய வல்லரசுகள் அமெரிக்கக் கண்டங்களில் இனிப் புதிய குடியேற்றம் அமைக்கக் கூடாது என்ற, மன்றோ கோட்பாடு என்று எங்கள் பிள்ளைகள் மனனம் செய்கிற 1823 அறிவிப்பும் இவர் கை பட்டவை.

ஜனாதிபதியாக இருந்த நாலு வருடம், நாட்குறிப்பில் எனக்கு மிகவும் இருண்ட பகுதியாகத் தெரிந்தது. 1824 தேர்தலில் அன்ட்ரூ ஜக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கு (மாநிலங்களின் பேரில் ஜனாதிபதியைத் தெரிவு செய்பவர்களின் வாக்கு), இவருக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தீர்ப்பு கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபைக்குப் போனது. 24 மாநிலங்களில் 13 மாநிலங்கள் இவரைத் தெரிவு செய்தன. இவருக்கு ஆதரவு திரட்டிய ஹென்றி கிளேயை வெளிநாட்டு அமைச்சராக்கினார். ஊழல் பேரம் என்ற பெயர் அன்றைக்கு விழுந்தது, கடைசிவரை கழன்று போகவில்லை. தேசியப் பல்கலைக்கழகம் வேண்டும், வானியல் ஆய்வுக்கூடம் வேண்டும், வீதியும் கால்வாயும் வெட்ட வேண்டும் என்று 1825 டிசம்பரில் கொங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். ஆய்வுக்கூடத்தை வானத்தின் கலங்கரை விளக்கம் என்று எழுதியதற்காகக் கேலி செய்தார்கள். பெரும்பாலானது நடக்கவில்லை. விடியற்காலை எழுந்து, பைபிள் வாசித்து, பொட்டோமக் ஆற்றில் நீந்தி, பிறகு இரவு வரை வந்தவர் போனவருக்கெல்லாம் முகம் கொடுத்து, அதையெல்லாம் எழுதியும் வைத்திருக்கிறார். 1828 இல் ஜக்சனிடம் 178க்கு 83 என்று தோற்றார். புதிய ஜனாதிபதியின் பதவியேற்புக்குப் போகவில்லை. 1829 இல் மூத்த மகன் நீராவிக் கப்பலிலிருந்து விழுந்து இறந்தான். இந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். இடையில் எழுந்து முற்றத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும்.

அவர் வெள்ளை மாளிகையில் இருந்த அதே காலத்தில், அவருடைய மாநிலத்தவர்கள் எங்கள் வடக்கில் இருந்தார்கள். பொஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி. அதை நடத்திய டானியல் பூர் மசாசூசெட்ஸில் பிறந்தவர்தான். அமெரிக்கா என்றால் எங்கோ ஓர் உலகம் என்று நினைக்கத் தேவையில்லை.

சரி, இனி என்னை இந்த நாட்குறிப்போடு கட்டிப்போட்ட பகுதிக்கு வருகிறேன்.

1830 இல் ஊர்க்காரர் அவரைக் கீழ்ச்சபைக்குத் தெரிவு செய்தார்கள். ஜனாதிபதியாகத் தெரிவானது கூட மனதுக்கு இதில் பாதி நிறைவைத் தரவில்லை என்று அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதினார். 1831 டிசம்பர் 12, சபையில் தொடக்க நாட்களிலேயே, பென்சில்வேனியாவிலிருந்து வந்த பதினைந்து மனுக்களைச் சமர்ப்பித்தார். தலைநகர் மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கக் கேட்ட மனுக்கள் அவை. அந்த நாளை வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தது எதற்கென்றால், அந்த மனுக்களின் கோரிக்கையைத் தான் ஆதரிக்கவில்லை என்று அவர் அன்றே சபையில் சொன்னார். ஆதரிக்காத மனுவையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மனுக் கேட்பவருக்குக் கேட்கிற உரிமை உண்டு, சபைக்கு வாங்கி வாசிக்கிற கடமை உண்டு, அதற்குள் தன் விருப்பத்தைக் கொண்டுவரவில்லை.

மனுக்கள் பெருகப் பெருக, தென்மாநில உறுப்பினர்களுக்கு அவை முள்ளாகக் குத்தின. 1836 மே 26 இல் ஒரு தீர்மானம் போட்டார்கள். அடிமை முறை சம்பந்தமான எந்த மனுவானாலும் அச்சிடவும் மாட்டோம், விவாதிக்கவும் மாட்டோம், வந்த உடனேயே மேசையில் போட்டு மூடிவிடுவோம். வாய்ப்பூட்டு விதி என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெயர் அழைத்து வாக்கெடுத்தபோது அடம்ஸ் எழுந்து, இது அமெரிக்க அரசியலமைப்பை நேரே மீறுவது என்று கத்தினார். 1840 இல் அதைச் சபையின் நிலையான விதியாகவே ஆக்கினார்கள், அதன்படி மனுவை வாங்குவதே இல்லை. அவர் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்து, இன்ன ஊர், இன்னார், இத்தனை பேர் கையொப்பம் என்று சொல்லத் தொடங்குவார். சபாநாயகர் உட்காரச் சொல்வார். அடுத்ததை எடுப்பார். தபாலில் வந்து குவிந்த மனுக்களை வகை பிரித்து, பட்டியல் எழுதி, மாலையெல்லாம் அதிலேயே போனது என்று வீட்டில் இருந்து எழுதுகிறார். ஜனாதிபதியாக இருந்தவர், எழுபது வயதில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், முகம் தெரியாத ஆட்களின் தாள்களை அடுக்குகிறார்.

1837 பெப்ரவரி 6 ஐ வாசியுங்கள். 22 அடிமைகள் கையொப்பமிட்டது என்று சொல்லப்பட்ட மனுவொன்று கையில் இருக்கிறது, இது விதிக்குள் வருமா என்று சபாநாயகர் ஜேம்ஸ் போல்க்கிடம் கேட்டார். சபை கொதித்தது. அவரைக் கண்டிக்க வேண்டும் என்று தீர்மானங்கள் வந்தன. பிறகுதான் அவர் சொன்னார், அந்த மனு அடிமை முறை ஒழிப்புக்கு எதிராகக் கேட்கிற மனு என்று. ஆனாலும் கேள்வியிலிருந்து விலகவில்லை. மனு என்பது ஒரு வேண்டுதல், அதைக் கேட்பதற்கு எளியவன் வலியவன் பார்க்க முடியாது, கொடுங்கோல் மன்னன் கூட ஏழையின் மனுவைத் தள்ளமாட்டான் என்று வாதாடினார்.

1838 யூனிலும் யூலையிலும் பெண்களுக்காகப் பேசினார். டெக்சாஸை நாட்டோடு சேர்க்கக் கூடாது என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மனு அனுப்பியிருந்தார்கள். மேரிலாந்து உறுப்பினர் ஒருவர், பெண்கள் வீட்டுக் கடமையை விட்டு இதில் இறங்குவது அவமானம் என்று சொல்லிவிட்டார். அடம்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். வேதாகமத்திலிருந்து பெண்களை எடுத்துச் சொன்னார், அமெரிக்கப் புரட்சியில் நின்ற பெண்களைச் சொன்னார். கூட்டத்தின் காலை மணித்தியாலத்தில் மூன்று கிழமைக்கு அந்தப் பேச்சு நீண்டது. நான் இதை வாசித்த அன்று கடையில் ஓர் அம்மா இருந்தார். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக எத்தனையோ இடத்துக்கு எழுதியவர். அன்றைக்கும் ஒரு கடிதம். இந்தக் கதையைத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, "வாசிச்சவரே? எல்லாத்தையும் வாசிச்சவரே?" என்று கேட்டார். ஓம் அம்மா, வாசிக்க விடாதபோதும் பெயரையாவது சொன்னார் என்றேன்.

1842 சனவரியில் ஹேவர்ஹில் என்ற ஊரிலிருந்து 46 பேர் அனுப்பிய மனு. நாட்டின் ஒன்றியத்தையே கலைத்துவிடுங்கள் என்று கேட்டது. அதையும் சமர்ப்பித்தார், ஏன் கலைக்கக் கூடாது என்று மனுக்காரருக்குப் பதில் எழுதும்படி ஒரு குழுவுக்கு அனுப்பச் சொன்னார். பதில் எழுதும்படி! தேசத்துரோகத்துக்குக் கிட்டவாக வைத்து அவரைக் கண்டிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பந்தியை வாசிக்கும்படி எழுதுவினைஞரைக் கேட்டு, அங்கிருந்து வாதத்தைத் தொடங்கினார். இரண்டு கிழமை ஓடியது. கடைசியில் 106க்கு 93 என்று தீர்மானத்தை மூடிவிட்டார்கள். அவர் மிச்சமிருந்த மனுக்கட்டை எடுத்தார்.

1844 டிசம்பர் 3 இல் அந்த விதியை நீக்க அவர் கொண்டுவந்த பிரேரணை 108க்கு 80 என்று வென்றது. எட்டு வருடத்துக்கு மேல். கடவுளின் பெயருக்கு என்றென்றைக்கும் தோத்திரம் என்று அன்றிரவு எழுதினார். இலங்கையில் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்ததும் அதே 1844 தான். யாழ்ப்பாணத்திலும் அடிமைகள் இருந்தார்கள், அவர்களைச் சொந்தம் கொண்டாடியவர்கள் எங்கள் ஆட்கள்தான், அதை எங்கள் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அமிஸ்டாட் வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1839 இல் கியூபாக் கடலில், ஆபிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட 53 பேர் கப்பலைக் கைப்பற்றி ஊர் திரும்பப் பார்த்தார்கள். அமெரிக்கக் கரையில் பிடிபட்டார்கள். அவர்கள் பேசிய மெண்டே மொழி ஒருவருக்கும் விளங்கவில்லை. பேராசிரியர் ஒருவர் அவர்களிடமிருந்து ஒன்று முதல் பத்து வரை எண்ணப் பழகிக்கொண்டு, நியூயோர்க் துறைமுகத்தில் அந்த எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். விளங்கிக்கொண்ட ஒரு மாலுமி கிடைக்கும் வரை நடந்தார். 1841 பெப்ரவரி 24 இலும் மார்ச் 1 இலும், 73 வயதில், அடம்ஸ் உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார். மார்ச் 9 இல் விடுதலை. நீதிமன்றத்தில் பேசி நெடுங்காலம், தன்னால் முடியுமா என்று வழக்குக்கு முன் எவ்வளவு பயந்தார் என்பது நாட்குறிப்பில் இருக்கிறது.

அவர்களில் காலே என்ற சிறுவன் சிறையில் பழகிய ஆங்கிலத்தில் அடம்ஸுக்கு எழுதிய கடிதம் நாட்குறிப்புக்கு வெளியே தனியாகக் கிடைக்கிறது. அதையும் தேடி வாசியுங்கள். அமெரிக்கப் பாசை பேசாததால் மெண்டே ஆட்களை மூடர் என்கிறார்கள், அமெரிக்க ஆட்கள் மெண்டே பாசை பேசுவதில்லையே, அப்போது அவர்கள் மூடரா என்று கேட்கிறான். தெரியாத மொழியில் வந்த பதில் கடிதத்தைக் கொண்டுவந்து, இதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கிற ஐயாமாரை நான் தினமும் பார்க்கிறேன். அந்தச் சிறுவனின் கேள்வியைத் தமிழில் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதே 1841 சனவரியில்தான் அமெரிக்க மிஷனார் இங்கே உதயதாரகையைத் தொடங்கினார்கள்.

இவ்வளவு சொன்னதால் அவரைத் தெய்வமாக்க வேண்டாம். நாட்குறிப்பே அதற்கு இடம் தராது. 1820 இல், அடிமை முறை வட அமெரிக்க ஒன்றியத்தின் மேல் விழுந்த பெரிய அழுக்குக் கறை என்று வீட்டில் எழுதினார். வெளியில் அப்போது வாய் திறக்கவில்லை. அமைச்சராக இருந்தபோது, பிரித்தானியர் கொண்டுபோன அடிமைகளுக்கு அவர்களின் முதலாளிகள் சார்பில் நட்டஈடு கேட்டார். ஜக்சன் 1818 இல் புளோரிடாவுக்குள் படையோடு நுழைந்ததை அமைச்சரவையில் நின்று காப்பாற்றியவரும் இவர்தான். கிறீக் என்ற பூர்வகுடி இனத்தவரின் காணியை மோசடியாக எழுதி வாங்கிய 1825 ஒப்பந்தத்தை இரத்துச் செய்து 1826 இல் வேறொன்று எழுதினார், ஆனால் புதிய ஒப்பந்தத்திலும் காணி போனது போனதுதான். ஜோர்ஜியா மாநிலம் அதைக்கூட மதிக்கவில்லை, அவர் பின்வாங்கினார். பூர்வகுடிகளுக்கு நாடு செய்தது பாவம் என்று பிற்காலத்தில் எழுதியது காணி இழந்தவருக்கு எதைத் திருப்பித் தரும்? இந்த இடங்களில் எனக்குக் கோபம் வந்தது. மற்றவர்களைப் பற்றி எழுதும்போதும் நாக்கில் தேன் இல்லை. நண்பரையும் விட்டுவைக்கவில்லை.

சேவையின் குறைகளில் முதலாவது, எல்லாம் ஆங்கிலம், அதுவும் இருநூறு வருடத்துக்கு முந்திய நீண்ட வாக்கிய ஆங்கிலம். இடையில் பிரெஞ்சும் லத்தீனும் வரும். உயர்தரம் படித்த பிள்ளைக்குக் கூட அகராதி வேண்டும். இரண்டாவது, அவர் ஒரு நாளில் சந்திக்கும் ஆட்கள் ஏராளம். யார் என்ன என்று தெரியாமல் புதிய வாசகர் களைத்துப் போவார். 1824 தேர்தல் பற்றியும் வாய்ப்பூட்டு விதி பற்றியும் முன்கூட்டியே ஒரு சின்னக் கட்டுரையாவது வாசித்துவிட்டு உள்ளே போவது நல்லது. காலநிலை, தேவாலயப் பிரசங்கம், இரவு விருந்து என்று பக்கக் கணக்கில் போகும் நாட்களைத் தாண்டிப் போகலாம். நானும் தாண்டினேன். ஆனால் அந்த அலுப்பான நாட்களிலும் அவர் எழுதினார் என்பதை நான் மதிக்கிறேன்.

என் கடையில் இதனால் ஒரு மாற்றம் வந்தது. ஒரு பெரிய கணக்குக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். யாருடைய கடிதம், எந்த ஊர், எங்கே போகிறது, எத்தனை பேர் கையொப்பம், என்ன திகதி, பதிவுத் தபாலா, பதில் வந்ததா என்று எழுதுகிறேன். விருப்பமில்லாதவர்களின் பெயரை எழுதுவதில்லை. பதில் வந்ததா என்ற நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. ஆனால் இப்போது ஓர் ஐயா வந்து "பிள்ளை, போன மாரிக்கு முன்னம் ஒண்டு குடுத்தனான்" என்றால், திகதியைச் சொல்லி நினைவூட்டல் கடிதம் அடிக்க முடிகிறது. முந்திய கடிதத்தின் திகதி போட்ட இரண்டாவது கடிதத்துக்கு மரியாதை கூட. வாய்க்கால் தண்ணீர் விடயத்தில் ஒரு கமக்காரர் அமைப்புக்கு அப்படித்தான் அதிகாரி நேரில் வந்து பார்த்தார்.

அடம்ஸ் 1848 பெப்ரவரி 21 இல் சபையில் தன் ஆசனத்திலேயே சரிந்து விழுந்தார். வெளியே கொண்டுபோக முடியாமல் சபாநாயகரின் அறையில் கிடத்தினார்கள், 23 இல் அங்கேயே இறந்தார். ஆபிரகாம் லிங்கன் அப்போது அதே சபையில் புதிய உறுப்பினர்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் ஆலோசனை: 1779 இலிருந்து வரிசையாக வாசிக்க வெளிக்கிடாதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். 1831 டிசம்பர் 12 க்குப் போங்கள். பிறகு 1837 பெப்ரவரி, 1841 பெப்ரவரியும் மார்ச்சும், 1842 சனவரி, 1844 டிசம்பர் 3. அந்த மனிதரின் குரல் பிடித்துப்போனால் பிறகு பின்னோக்கி ரஷ்யாவுக்கும் சின்ன வயதுக்கும் போகலாம். அரசறிவியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள் வாய்ப்பூட்டு விதிப் பகுதியை மட்டுமாவது தமிழில் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பெரிய உதவி. நான் மொழிபெயர்த்து வைத்த சில நாட்கள் இருக்கின்றன, கேட்டால் பிரதி தருவேன். கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்கள் கடைக்கு வந்தால் கணினியில் திறந்து காட்டுகிறேன், அதற்குக் காசு வேண்டாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள். அதுவரை கச்சேரிக்குப் போகிறவர்கள் கொப்பி எடுக்க வரிசையில் நிற்பார்கள்.